மன்னார் வளைகுடாவில் கரையும் தீவுகள்: தஞ்சாவூர் டெல்டாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, 21 குட்டித் தீவுகள் வரிசையாக இருக்கின்றன. பள்ளிப் பாடத்தில் இன்றும் அப்படித்தான் படிக்கிறோம். ஆனால் படகில் போய் எண்ணினால் 19 தான் தேறும். தூத்துக்குடி பக்கம் இருந்த விலாங்குசல்லி, கீழக்கரை பக்கம் இருந்த பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அடுத்து யார் என்ற வரிசையில் காரைச்சல்லி முன்னால் நிற்கிறது.

1969-இல் சுமார் 20 ஹெக்டேர் இருந்த காரைச்சல்லி, 2018-இல் 6 ஹெக்டேருக்குள் சுருங்கிவிட்டது. நம்மூர் கணக்கில் 50 ஏக்கர் இருந்தது 15 ஏக்கராகிவிட்டது. இதே வேகத்தில் போனால் 2036-க்குள் தீவே இருக்காது என்கிறது ஐஐடி மெட்ராஸ் ஆய்வு.

ஆள் இல்லாத தீவு, மூழ்கினால் யாருக்கு நஷ்டம்? இந்தக் கேள்வி நியாயமானதுதான். அதிலும் பட்டுக்கோட்டையிலோ பேராவூரணியிலோ வயலில் நிற்கிற ஒருவருக்கு, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மணல் திட்டு ஏன் செய்தியாக வேண்டும்? பதில் தெரிய, அந்தத் தீவு எதனால் ஆனது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தீவு எப்படி உருவானது?

மன்னார் வளைகுடாத் தீவுகள் பாறை மலையின் உச்சிகள் அல்ல. பவளப்பாறைகள் மேல் உட்கார்ந்திருக்கும் திட்டுகள். கடலடியில் வளரும் பவளப்பாறையை மீனவர்கள் 'பார்' என்பார்கள். ஆனைப்பார் என்று ஒரு தீவுக்கே பெயர் உண்டு. அந்தப் பாரில் அலை அடித்து உடைகிற பவளத் துண்டுகளும், சிப்பி ஓடுகளும், மணலும் சேர்ந்து சேர்ந்து மேடானதுதான் தீவு. விலாங்குசல்லி, காரைச்சல்லி, புலுவினிசல்லி என்ற பெயர்களில் வரும் 'சல்லி'யைக் கேட்டால் சல்லிக்கல் ஞாபகம் வருகிறதா? தீவும் கிட்டத்தட்ட அதுதான்.

ஆக, தீவுக்கு மண் கொடுப்பதும் பவளம்தான், அந்த மண்ணை அலையிலிருந்து காப்பதும் பவளம்தான். பெரிய அலை முதலில் பாரில் மோதி வேகம் குறைந்து, பிறகுதான் தீவுக்கரைக்கு வரும். பார் உயிரோடு இருக்கும்வரை தீவு தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும். பார் செத்தால் வேலி போன வயல் கதைதான்.

அந்த வேலியை முதலில் பிடுங்கியது பருவநிலை மாற்றம் இல்லை, மனிதக் கைகள். சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். தூத்துக்குடி பக்கத் தீவுகள் அதிகம் அடிபட்டதற்கு இது முக்கியக் காரணம். 1986-இல் தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. அதன் பிறகும் கல் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன, 2004 சுனாமிக்குப் பிறகு கடலோர மக்களிடமும் மனமாற்றம் வந்தது. அப்போதுதான் அது ஓய்ந்தது. அதற்குள் விலாங்குசல்லியும் பூவரசன்பட்டியும் காப்பாற்றும் நிலையைத் தாண்டியிருந்தன.

ஏற்கெனவே பலவீனமான இடத்தில்தான் இப்போது கடல் ஏறுகிறது. 1901-க்கும் 2018-க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006-க்குப் பிந்தைய வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்கிறது ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு. கேட்க அற்பமாகத் தெரியும். ஆனால் கடலிலிருந்து ஒன்றிரண்டு மீட்டர் உயரம்கூட இல்லாத, தட்டு மாதிரியான தீவில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் கரையைத் தின்னும்.

பவளம் ஏன் வெளுக்கிறது?

பவளம் ஒரு உயிரினம். அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி குடியிருக்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துக் கொடுக்கும், பவளம் இடம் கொடுக்கும். நிறமும் பாசியால் வருவதுதான். கடல்நீர் வழக்கத்தைவிட ஒன்று இரண்டு டிகிரி சூடாகி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தால் பவளம் பாசியை வெளியே துப்பிவிடுகிறது. உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். அதைத்தான் வெளுத்தல் என்கிறார்கள். வெளுத்த பவளம் உடனே சாகாது, பட்டினி கிடக்கும். சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் போய்விடும்.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் ஜூன் வரையான கோடையில் இது இப்போது வாடிக்கையாகவே ஆகிவிட்டது. 1998, 2010, 2016 ஆகியவை மோசமான ஆண்டுகள். 2016 கோடைக்குப் பிறகு உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 39 சதவீதத்திலிருந்து 23 சதவீதத்துக்கு இறங்கியதாக, இந்தத் தீவுகளைப் பல ஆண்டுகளாகக் கண்காணித்துவரும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பதிவு செய்திருக்கிறது. 2024 ஏப்ரலில் உலகளவிலான நான்காவது பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஒரு வெளுப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பவளம் தேறிவர வருடங்கள் வேண்டும். அந்த இடைவெளிதான் குறைந்துகொண்டே வருகிறது.

உலக வெப்பம் 1.5 டிகிரி உயர்ந்தால் வெப்பக்கடல் பவளப்பாறைகளில் 70 முதல் 90 சதவீதமும், 2 டிகிரி உயர்ந்தால் 99 சதவீதமும் போய்விடும் என்பது அறிவியலாளர்களின் கணிப்பு. இந்தப் புகைக்கும் காரைச்சல்லிக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே ஒரு பைக் கூட ஓடியது கிடையாது. மேலே யாரோ ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் கடைமடைக்காரர் தலையில் விடிகிறதல்லவா, அந்த அநியாயம்தான் இது. சின்னத் தீவுகள் பருவநிலையின் கடைமடை.

தீவு போனால் கூடவே என்ன போகும்?

மன்னார் வளைகுடாவில் 3,600-க்கும் மேற்பட்ட தாவர, விலங்கு இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பவளத்தில் மட்டும் 117 இனங்கள். கடல்புல் படுகை, கடல் ஆமை, கடல்குதிரை, கடல் அட்டை, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து மனோலி, முயல் தீவு மணல்வெளிகளில் இரை தேடும் கரைப்பறவைகள் எல்லாம் இதில் அடக்கம். பாம்பனுக்குப் பக்கத்தில் உள்ள குருசடைத் தீவு, முதுகெலும்பு உள்ளவைக்கும் இல்லாதவைக்கும் இடைப்பட்ட ஏகோர்ன் புழுவுக்காக விலங்கியல் மாணவர்களிடம் பிரபலம்.

தீவு உயிர்களுக்கு ஒரு பெரிய சிக்கல், ஓடிப்போக வழியில்லை. நிலத்தில் வறட்சி வந்தால் விலங்கு அடுத்த காட்டுக்கு நகரும். தீவில் சுற்றிலும் கடல். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே டாரஸ் நீரிணையில் பிராம்பிள் கே என்ற குட்டித் தீவு இருக்கிறது. அங்கே மட்டுமே வாழ்ந்த மெலோமிஸ் என்ற எலி, கடல் ஏறி செடிகளை அழித்ததால் இல்லாமல் போனது. 2019-இல் ஆஸ்திரேலிய அரசே அதை அற்றுப்போன இனமாக அறிவித்தது. மனிதரால் வந்த பருவநிலை மாற்றத்துக்குப் பலியான முதல் பாலூட்டி என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். நமக்குப் பக்கத்தில் லட்சத்தீவில் பராளி-1 என்ற ஆளில்லாத தீவும் கரைந்து மறைந்துவிட்டது.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் வருவது. வெளியூர் உயிரினம். வருமானத்துக்காக மண்டபம் பக்கம் வளர்க்கப்பட்ட கப்பாபைகஸ் என்ற வேற்றுநாட்டுக் கடல்பாசி, பண்ணையிலிருந்து தப்பி குருசடை, சிங்கில், முல்லி தீவுகளின் பவளத்தின் மேல் போர்வை மாதிரி படர்ந்தது. வெயில் கிடைக்காமல் பவளம் செத்தது. கையால் பிடுங்கிப் பிடுங்கி எடுத்தும் மீண்டும் முளைக்கிறது. டெல்டாவில் சீமைக் கருவேலத்தோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

சரி, தஞ்சாவூர் எங்கே வருகிறது?

மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய 8 அடுக்குக் கோபுரம். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அங்கே கடலில் பெரிய அலையே கிடையாது, ஏரி மாதிரி கிடக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பல இடங்களில் 10 மீட்டர்தான். இலங்கை ஒரு பக்கம், ராமேஸ்வரம் தீவு இன்னொரு பக்கம் என அடைப்பான இடம். அதன் அடியில் பல கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது கடல்புல். நிலத்தில் நெல், கடலில் புல். தஞ்சை மாவட்டத்துக்கு இரண்டு பச்சை வயல் என்று சொன்னால் மிகையில்லை.

மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும் பாம்பன் கால்வாய் வழியாகவும் ஆதாம் பாலத் திட்டுகள் வழியாகவும் கைகோத்திருக்கின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் தெற்கே போகும், தென்மேற்குப் பருவத்தில் திரும்பி வரும். மீன் குஞ்சும் பாசியும் சூடும் இதே பாதையில்தான் போய்வருகின்றன. தீவுகளைச் சுற்றி மணலைப் பிடித்துவைத்திருப்பதும் இதே கடல்புல்தான். தீவோரம் பார் சாய்ந்து மணல் கலையும்போது புல்லும் புதைகிறது.

இந்தப் புல்லை நம்பி வாழ்வது கடல்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ எடை. கடல்புல்லை மட்டுமே மேயும், தினமும் 30, 40 கிலோ தின்னும். 70 வயதுவரை வாழக்கூடியது. ஆனால் ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே 3 முதல் 7 வருடம் ஆகும். வருடத்துக்கு நாலைந்து கடல்பசு வலையில் செத்தாலே கூட்டம் தேறாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். இந்தியா முழுவதும் சேர்த்து 250-க்குள்தான் மிச்சம் என்பது மதிப்பீடு, அதில் பெரும்பகுதி பாக் விரிகுடாவில்.

அதனால்தான் 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசு பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அதிராம்பட்டினம் முதல் அம்மாபட்டினம் வரை நீளும் பகுதி இது. மனோராவில் சர்வதேச கடல்பசு பாதுகாப்பு மையம் கட்டும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

காப்பகம் என்றால் மீன்பிடிக்கத் தடையா?

அறிவிப்பு வந்ததும் கரையில் எழுந்த முதல் பயம் இதுதான். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. தேசியப் பூங்காவான மன்னார் வளைகுடாவில் அனுமதியில்லாமல் தீவில் இறங்கவே முடியாது. தலைமுறை தலைமுறையாகத் தீவோரம் பாசி எடுத்து வந்த பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் ஒரே நாளில் அத்துமீறுபவர்கள் ஆனார்கள். பவளத்தை உடைக்காமல் கையால் எடுப்பது, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே கடலுக்குப் போவது என்று அவர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகும் அலைச்சல் தீரவில்லை. பாதுகாப்பு என்ற பெயரில் மிகவும் சிறிய ஆள் மேல் முதலில் கைவைப்பது, இந்தத் தீவுகளின் வரலாற்றில் சரியாகப் பேசப்படாத பக்கம்.

பாதுகாப்பகம் சட்டப்படி வேறு. வனவிலங்குச் சட்டத்தின் 36-ஏ பிரிவில், உள்ளூர் மக்களைக் கலந்து பேசிய பிறகே அறிவிக்க வேண்டும், நிர்வாகக் குழுவிலும் உள்ளூர் பிரதிநிதி இருக்க வேண்டும். வழக்கமான மீன்பிடிக்கு இதனால் புதிய தடை இல்லை என்று அரசு சொல்லியிருக்கிறது. ஏற்கெனவே சட்டவிரோதமானது மட்டும் சட்டவிரோதம்.

உண்மையான சிக்கல் இழுவைமடி. மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம், கள்ளிவயல்தோட்டம் என மூன்று இடங்களிலிருந்து விசைப்படகுகள் கிளம்புகின்றன. கனமான மடி கடலடியை உரசிப் போகும்போது கடல்புல் வேரோடு வருகிறது. நாட்டுப்படகு மீனவர்கள் இதைத்தான் பல வருடமாகச் சொல்கிறார்கள். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் தனித்தனி நாள் பிரித்துக் கொடுத்திருப்பது சண்டையைத் தவிர்க்கத்தான், புல்லைக் காக்க இல்லை. கரையோர ஆழம் குறைந்த பகுதியில் விசைப்படகு வரக்கூடாது என்ற விதி ஒழுங்காக அமலானாலே பாதி வேலை முடிந்துவிடும்.

'கடலில் வீணாகும் தண்ணீர்' உண்மையில் வீணா?

கொள்ளிடத்தில் வெள்ளம் போகும்போதெல்லாம், டி.வி. உள்பட எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. கடைமடை காய்ந்து கிடக்கும்போது வயிறு எரிவதும் நியாயம்தான். ஆனால் ஆற்றுநீர் கடலில் கலப்பது மொத்தமும் நஷ்டக் கணக்கு அல்ல. ஆறு கொண்டுவரும் வண்டலும் நன்னீரும்தான் டெல்டாவின் கரையைக் கட்டியது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு நன்னீர் குறைந்தால் உப்பு ஏறி மரம் குட்டையாகிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்தது, மேலே வேறு அணைகளும் இருக்கின்றன. வண்டலில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது. கடல் ஏறுகிறது, மண் வருவதில்லை. டெல்டாவின் கரையும் ஒரு வகையில் காரைச்சல்லியின் நிலையில்தான் இருக்கிறது. தாங்கும் சக்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

அதே சமயம் வயலிலிருந்து வடிகால் வழியாக இறங்கும் உரமும், இறால் பண்ணைக் கழிவும் வேறு கதை. சத்து மிகுந்த நீரில் பாசி மண்டி, கலங்கலாகி, கடல்புல்லுக்கு வெயில் போகாது. கடல்புல்லுக்கு அதிக சேறும் ஆகாது. நீர் போக வேண்டும், ஆனால் நல்ல நீராகப் போக வேண்டும்.

2004 சுனாமியில் தீவுகளும் பவளமும்தான் ராமநாதபுரம், தூத்துக்குடி கரைகளைக் காப்பாற்றின என்று சொல்வதுண்டு. அதில் கொஞ்சம் மிகை இருக்கிறது. அன்று பெரிய கேடயமாக நின்றது இலங்கை. அந்த மறைவு இல்லாத நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீவும் பாரும் அலையாத்தியும் உதவுவது ஆண்டு தோறும் வரும் புயல் அலைக்கும் கரை அரிப்புக்கும். 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னையை இழந்த பேராவூரணி, பட்டுக்கோட்டை பகுதிக்கு அந்த உதவியின் விலை தெரியும்.

என்ன செய்து பார்க்கிறார்கள்?

வான்தீவு ஒரு நல்ல பதில். தூத்துக்குடிக்கு மிக அருகில் உள்ள இந்தத் தீவு 1980-களில் 16 ஹெக்டேர் இருந்து, 2010-களின் நடுவில் சுமார் 2 ஹெக்டேருக்கு வந்துவிட்டது. சுவர் கட்டவில்லை, கல் கொட்டவில்லை. ஓட்டைகள் வைத்த சரிவக வடிவ கான்கிரீட் கூடுகளைக் கடலடியில் வரிசையாக இறக்கினார்கள். மொத்தம் 10,000-க்கும் மேல். ஐஐடி மெட்ராஸ் வடிவமைப்பில் உதவியது, மத்திய அரசின் பருவநிலைத் தழுவல் நிதி கிடைத்தது. செத்த பார் செய்த வேலையைக் கூடுகள் செய்தன. அலை வேகம் குறைந்தது, மணல் தங்கியது, கூடுகளில் மீன் சேர்ந்தது, பவளம் ஒட்டி வளரத் தொடங்கியது. தீவு கரைவது நின்று, மெல்லப் பெருத்தது. காரைச்சல்லிக்கும் இதே வழியில் சுமார் 50 கோடி ரூபாயில் மீட்புத் திட்டம் போடப்பட்டிருக்கிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் கடலோர மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதி அது.

கான்கிரீட் கூடு அலையைத் தடுக்கும், கடல் சூடாவதைத் தடுக்காது. இன்னொரு 2016 வந்தால் கூட்டில் ஒட்டிய பவளமும் வெளுக்கும். வான்தீவில் வாங்கியிருப்பது நேரம். அந்த நேரமும் பெரிய விஷயம்தான்.

தஞ்சைக் கடலில் செலவு குறைந்த முயற்சி ஒன்று நடக்கிறது. மூங்கில் சட்டத்தில் தென்னங்கயிறு கட்டி, அதில் கடல்புல் நாற்றுகளைச் செருகிக் கடலடியில் பதிக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் மூங்கிலும் கயிறும் மக்கிப் போகும், புல் வேர்பிடித்து நிற்கும். ஓம்கார் அறக்கட்டளை உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து செய்த வேலை இது. நாற்று நடவு தெரிந்த மாவட்டத்துக்கு இது இன்னொரு நடவு.

வலையில் கடல்பசு சிக்கினால்?

கடல்பசு மூச்சு விட சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்தாக வேண்டும். வலைக்குள் மாட்டினால் மூழ்கித்தான் சாகும். அதனால் இழுத்துக் கரைக்குக் கொண்டுவரக் கூடாது, அங்கேயே வலையை அறுத்து விட வேண்டும். அப்படி உயிரோடு விடும் மீனவர்களுக்கு வனத்துறை ஊக்கத்தொகையும் பாராட்டும் கொடுத்து வருகிறது. விடுவித்ததை செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் வேலை சுலபம். கரையில் இறந்து ஒதுங்கியிருந்தால் தொடாமல் வனத்துறைக்கோ கடலோரக் காவல் குழுமத்துக்கோ தகவல் சொல்ல வேண்டும். கடல்பசுவும், பவளமும், கடல் அட்டையும், கடல்குதிரையும் புலிக்கு இணையான சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. ராமேஸ்வரம் போகிறவர்கள் 'வெறும் கல்தானே' என்று பவளத்துண்டை வாங்கிப் பையில் போட்டாலும் வழக்கு வழக்குதான்.